இரவல் கேள்விகள்: தமிழர் ஸ்பானிஷ் இலக்கணம் படிக்கும்போது

ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்த இரண்டாவது, மூன்றாவது வாரத்திலேயே அந்தக் கேள்வி வந்துவிடும். ஆங்கிலத்தில் ‘இஸ்’ என்ற ஒரே சொல்லில் முடிகிற காரியத்துக்கு ஸ்பானிஷில் ஏன் ‘செர்’, ‘எஸ்தார்’ என்று இரண்டு வினைகள்? வழக்கமான விடை ஒன்று தயாராக இருக்கிறது: நிலையானதற்கு செர், தற்காலிகமானதற்கு எஸ்தார். மாணவர் நோட்டில் குறித்துக்கொள்வார். கொஞ்ச நாளில் அந்த விடை உடைந்துபோகும். செத்துப்போனவரைப் பற்றிச் சொல்ல ‘எஸ்தா முவெர்தோ’ என்று எஸ்தார்தான் வருகிறது. சாவைவிட நிலையானது வேறென்ன? மத்ரித் நகரம் ஸ்பெயினில் இருப்பதற்கும் எஸ்தார்தான். அந்த ஊர் எங்கும் நகர்ந்து போய்விடப் போவதில்லை. மூன்று வருடத்தில் முடியப்போகிற மாணவப் பருவத்தையோ ‘சோய் எஸ்துதியாந்தே’ என்று செர் கொண்டு சொல்கிறார்கள். ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்காத கடிகார நேரத்துக்கும் செர்.

இந்தக் குழப்பத்தை ஸ்பானிஷின் தலையில் கட்டுவது நியாயமில்லை. கேள்வி எந்த மொழியிலிருந்து வந்ததோ அந்த மொழியின் குழப்பம் இது. தமிழர்கள் பெரும்பாலும் ஆங்கில வழிப் பாடநூல்களை வைத்துத்தான் ஸ்பானிஷ் படிக்கிறோம். ஆங்கிலம் பேசுகிறவருக்கு எங்கெங்கே இடறுமோ அங்கெல்லாம் அந்த நூல்கள் விளக்கை வைத்திருக்கின்றன. நமக்கு இடறாத இடங்களிலும் நாம் குனிந்து குனிந்து நடக்கிறோம்; உண்மையில் இடறுகிற இடங்களிலோ வெளிச்சம் இல்லை.

அதே வாக்கியங்களைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘நான் மாணவன்.’ ‘மணி மூன்று.’ வினைச்சொல்லே கிடையாது. ‘மத்ரித் ஸ்பெயினில் இருக்கிறது.’ ‘கதவு திறந்திருக்கிறது.’ இங்கே ‘இரு’ வந்து நிற்கிறது. பெயரையும் பெயரையும் வினையில்லாமல் நேராக ஒட்டவைக்கிற இடம் ஸ்பானிஷில் செர். ‘இரு’ வேண்டியிருக்கிற இடம் பெரும்பாலும் எஸ்தார். செத்துப்போனவர் விவகாரமும் இதனால் தெளிகிறது. ‘திறந்திருக்கிறது’, ‘உடைந்திருக்கிறது’, ‘செத்துக் கிடக்கிறான்’ என்று ஒரு செயல் முடிந்து அதன் விளைவு நிலைத்து நிற்பதை நாம் துணைவினையால் சொல்கிறோம். ஸ்பானிஷ் எஸ்தாரால் சொல்கிறது. எவ்வளவு காலம் நீடிக்கும் என்பது பிரச்சினையே இல்லை.

பெயரடைகளில் விஷயம் இன்னும் நுட்பமாகிறது. ‘மாம்பழம் இனிப்பாக இருக்கும்’ என்பது மாம்பழ சாதியைப் பற்றிய பேச்சு. ‘இந்த மாம்பழம் இனிப்பாக இருக்கிறது’ என்பது கடித்துப் பார்த்தவன் சொல்வது. முதலாவதற்கு ஸ்பானிஷில் செர் வரும், இரண்டாவதற்கு எஸ்தார். சட்டை அளவு பொருந்தாமல் தொளதொளவென்று தொங்கினால் ஸ்பெயின்காரர் ‘மே எஸ்தா கிராந்தே’ என்பார். நம் வாயில் ‘எனக்குப் பெரிசா இருக்கு’. ‘எனக்கு’ கூட அங்கே அப்படியே ‘மே’யாக உட்கார்ந்திருக்கிறது.

இதை விதியாக எழுதிவைத்துக்கொண்டால் ஆபத்து. ‘வீடு பெரிதாக இருக்கிறது’ என்று நாம் ‘இரு’ போட்டுச் சொல்கிற எத்தனையோ இடத்தில் ஸ்பானிஷ் செர்தான் போடும். ‘பெரிய வீடு’, ‘வீடு பெரியது’ என்று வினையில்லாமல் மாற்றிச் சொல்ல முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் செர் பக்கம் சாயலாம். துல்லியமான தராசில்லைதான். ஆனால் ‘நிலையானது, தற்காலிகமானது’ என்ற தராசைவிட நம் கைக்கு நன்றாக அடங்குகிறது.

போகிற போக்கில் ஒரு வேடிக்கை. எஸ்தாரின் மூலம் நிற்பதைக் குறிக்கும் லத்தீன் வினை. செர் என்ற வடிவத்துக்குள் உட்கார்வதைக் குறிக்கும் லத்தீன் வினையும் கலந்திருக்கிறது. நம் ‘இரு’வும் உட்கார்வதுதான். யாழ்ப்பாணத்து வீட்டில் ‘இருங்கோ’ என்றால் நாற்காலியைக் காட்டுகிறார்கள். ‘இருக்கை’ எல்லாத் தமிழருக்கும் தெரிந்த சொல். ஆக, அங்கே உட்கார்ந்தது ‘இன்னது’ என்ற அடையாளத்துக்குப் போயிற்று. இங்கே உட்கார்ந்தது ‘இங்கே, இப்படி’ என்ற நிலைக்கு வந்தது.

அந்நியர் கேட்கும் கேள்விகளுக்காக ஸ்பானிஷ் இலக்கணம் பின்னாளில் இறங்கிவந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அந்தோனியோ தெ நெப்ரிஹா தன் காஸ்திலிய மொழி இலக்கணத்தை சலமாங்காவில் 1492 ஆகஸ்ட் 18 அன்று அச்சிட்டு முடித்தார். கொலம்பஸ் பாலோஸ் துறைமுகத்திலிருந்து பாய் விரித்துப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. அரசி இசபெல்லாவுக்குக் காணிக்கையாக்கப்பட்ட அந்த நூலில் ஐந்து பகுதிகள். எழுத்து, அசையும் யாப்பும், சொல், தொடர் என்று நான்கு. ஐந்தாவது, வேற்று மொழி பேசிக்கொண்டு காஸ்திலியம் கற்க வருகிறவர்களுக்கென்றே தனியாக எழுதப்பட்டது. அப்படி வருகிறவர்கள் யார் என்பதிலும் அவருக்குச் சந்தேகமில்லை: பாஸ்க்குகள், நவார்ரர்கள், பிரெஞ்சுக்காரர்கள், இத்தாலியர்கள், அவர்களோடு அரசியின் வாளுக்குப் பணியப்போகிற மக்களும். பேரரசின் நிழலில் பிறந்த நூல்தான். இன்று சுமார் 50 கோடிப் பேருக்குத் தாய்மொழியாகவும் 20 நாடுகளில் ஆட்சிமொழியாகவும் இருக்கிற ஒரு மொழிக்கு, முதல் இலக்கணத்திலேயே வெளியாள் ஒருவர் நாற்காலி போட்டு உட்காரவைக்கப்பட்டிருந்தார்.

செர், எஸ்தாருக்கு அடுத்து வகுப்பறையைக் கலக்குவது ‘குஸ்தார்’. ‘மே குஸ்தா எல் காஃபே.’ ஆங்கிலம் வழியாக வருகிறவர் இதைத் தலைகீழ் வாக்கியம் என்று படிக்கிறார். காபி எப்படி எழுவாய் ஆகும், நான் எங்கே போனேன் என்று கேட்கிறார். நமக்கோ இது அட்சரம் பிசகாமல் ‘எனக்குக் காபி பிடிக்கும்’. ‘மே துவேலே லா கபேஸா’: எனக்குத் தலை வலிக்கிறது. ‘என் தலை’ என்று இரண்டு மொழிகளும் சொல்வதில்லை. எனக்கு வலிக்கிற தலை வேறு யாருடையதாக இருக்கும்? ‘சே மே ஒல்பிதோ’: எனக்கு மறந்துபோச்சு. மறந்தவன் தன்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல், மறதி தனக்கு வந்து நேர்ந்ததாகச் சொல்கிற அந்தச் சாமர்த்தியத்தை இரண்டு மொழிகளும் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கின்றன. நான்காம் வேற்றுமையை அறிந்தவனுக்கு இந்தப் பாடம் ஐந்து நிமிடம்.

ஆனால் ஆறாவது நிமிடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதைப் பாடநூல் நமக்குச் சொல்லாது. ‘எனக்கு உன்னைப் பிடிக்கும்’ என்கிறோம். பிடித்துப்போன ஆள் தமிழில் ‘ஐ’ ஏற்றுச் செயப்படுபொருளாகிவிடுகிறார். ‘பிடிக்கும்’ யாருக்காகவும் மாறாது. ஸ்பானிஷில் பிடித்துப்போன ஆளே எழுவாய். ஆகவே வினை முன்னிலை விகுதி ஏற்று ‘மே குஸ்தாஸ்’ என்று ஆகும். ‘நீ எனக்குப் பிடிக்கிறாய்’ என்பதுபோல. புத்தகங்கள் பிடித்தால் ‘குஸ்தான்’ என்று பன்மையாகும். இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன்: அலுவலகத்துச் சகாவிடம் நட்பாக நினைத்துக்கொண்டு ‘மே குஸ்தாஸ்’ என்று சொல்லிவிடாதீர்கள். அது காதல் விண்ணப்பமாகக் கேட்கும். நட்புக்கு ‘மே காயெஸ் பியென்’ போதும்.

எல்லா உணர்வும் நான்காம் வேற்றுமைக்குள் வந்துவிடும் என்று நம்பவும் கூடாது. எனக்குப் பசிக்கிறது, எனக்குக் குளிர்கிறது, எனக்கு இருபது வயது. இந்த மூன்றுக்கும் ஸ்பானிஷ் ‘தெனேர்’ என்ற உடைமை வினைக்குப் போய்விடுகிறது. பசியை வைத்திருக்கிறேன், குளிரை வைத்திருக்கிறேன், இருபது ஆண்டுகளை வைத்திருக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அடுத்தது. ‘பேயோ லா காசா’, வீடு தெரிகிறது, பார்க்கிறேன். ‘பேயோ ஆ மரீயா’, மரியாவைப் பார்க்கிறேன். மரியாவுக்கு முன்னால் மட்டும் ஏன் அந்த ‘ஆ’? ஆங்கில வழி இலக்கணங்கள் இதற்கு ‘ஆட்களுக்கான ஆ’ என்று பெயர் வைத்து, விதியும் விதிவிலக்குமாகப் பல பக்கம் எழுதுகின்றன. ஆங்கிலத்தில் இதற்கு ஈடு ஏதும் இல்லாததால் அவ்வளவு பாடு.

தமிழில் ஈடு இருக்கிறது. அதைப் பற்றிய இலக்கணக் குறிப்பும் இருக்கிறது. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் தொகைமரபில், ஐகார வேற்றுமையின் தனிப்போக்குகளை அடுக்கிச் செல்லும் நூற்பாவில், உயர்திணைப் பெயர்களில் அந்த உருபு மறையாமல் நிற்கும் என்ற செய்தியும் ஒன்று. ‘மரம் வெட்டினான்’ என்று உருபை விழுங்கலாம்; ‘முருகன் பார்த்தேன்’ என்று விழுங்க முடியாது. பின்னால் வந்த நன்னூல் உயர்திணையிலும் உருபு மறையும் இடங்கள் உண்டு என்று கொஞ்சம் இளக்கிக் கொடுத்தது. செயப்படுபொருள் ஆளா பொருளா, குறிப்பிட்டதா பொதுவானதா என்பதைப் பார்த்து உருபு ஏறுகிற இந்த வழக்கத்தை 1980களில் ஜெர்மானிய மொழியியலாளர் கேயோர்க் போசோங் ஒரு பொதுப் பெயரின் கீழ் கொண்டுவந்தார். பாரசீகம், துருக்கி, இந்தி என்று பல மொழிகளில் அது காணப்படுகிறது. இந்தியின் ‘கோ’, ஸ்பானிஷின் ‘ஆ’ போலவே, ஐ, கு என்ற இரண்டு வேலையையும் ஒரே ஆளாகப் பார்க்கிறது.

ஸ்பானிஷ் ஆசிரியர்கள் கடைசியில் எடுத்துவைக்கும் கடினமான உதாரணம் இது: ‘புஸ்கோ ஊனா செக்ரெத்தாரியா’, ‘புஸ்கோ ஆ ஊனா செக்ரெத்தாரியா’. இரண்டும் செக்ரெட்டரியைத் தேடுவதுதான். முதலாவதில் ‘ஆ’ இல்லை: அந்த வேலைக்கு யாராவது வேண்டும். இரண்டாவதில் ‘ஆ’ உண்டு: குறிப்பிட்ட ஒருத்தி இருக்கிறாள், அவள் எங்கே போனாள் என்று தேடுகிறேன். இதை விளக்க நமக்குப் பலகை வேண்டாம். ‘மகனுக்குப் பெண் பார்க்கிறோம்’ என்று சொல்லும்போது எந்தப் பெண் என்று யாருக்கும் தெரியாது. ‘ஒரு பெண்ணைப் பார்க்கிறோம்’ என்றால் ஜாதகம் கைக்கு வந்துவிட்டது. ‘வேலைக்கு ஆள் தேடுகிறேன்’ என்பவரிடம் விண்ணப்பம் கொடுக்கலாம். ‘ஆளைத் தேடுகிறேன்’ என்பவரிடமிருந்து கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது.

நாம் தவறக்கூடிய இடம் வேறு. தமிழில் குறிப்பிட்ட பொருளுக்கும் ‘ஐ’ வரும்: அந்தப் புத்தகத்தைப் படித்தேன். ஸ்பானிஷில் புத்தகம் எவ்வளவு குறிப்பானதாக இருந்தாலும் ‘ஆ’ வராது. வீட்டு நாய்க்கு வரும். பாசம் வைத்துவிட்டால் அது உயர்திணைதான்.

‘உண்டு’ என்பதற்கு அங்கே ‘ஆய்’ என்று ஒரு சொல் இருக்கிறது. ஒன்றானாலும் நூறானாலும் அது மாறாது. உண்டு, இல்லை, வேறு ஆகியவை ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொது என்று நன்னூல் படித்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. ஆனால் இறந்தகாலத்தில் பலரைச் சொல்லும்போது ‘அபீயா’ என்ற ஒருமையா, ‘அபீயான்’ என்ற பன்மையா என்ற கேள்வி மாணவர்களோடு நிற்பதில்லை. லத்தீன் அமெரிக்காவின் பல பகுதிகளில் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே பன்மையைச் சொல்கிறார்கள். 1713இல் தொடங்கிய ஸ்பானிஷ் அரச கழகம் அதை ஏற்கவில்லை. தேர்வு எழுதுகிறவர்கள் கழகத்தின் பக்கம் நிற்பது உத்தமம்.

இறந்தகாலம் ஏன் இரண்டு என்ற கேள்விக்கு நல்ல விடை தந்தவர் ஒரு வெனிசுவேலாக்காரர். அந்த்ரேஸ் பெய்யோ 1781இல் காரகாஸில் பிறந்தவர். இளம் சிமோன் பொலிவாருக்குப் பாடம் சொன்னவர். சிலே பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர். 1847இல் சாந்தியாகோவில், அமெரிக்கக் கண்டத்தவர் பயன்பாட்டுக்கென்று குறிப்பிட்டே ஒரு காஸ்திலிய இலக்கணம் வெளியிட்டார். லத்தீனின் சட்டையைக் காஸ்திலியத்துக்கு மாட்டிவிட்டு, பொருந்தவில்லையே என்று காஸ்திலியத்தைக் குறை சொல்லும் பழக்கத்தின் மேல் அவருக்குக் கோபம். காலங்களுக்கு அவர் புதுப் பெயர் வைத்தார். முடிந்துபோன செயல் ‘ப்ரெதேரிதோ’. ‘முற்றுப்பெறாதது’ என்று மற்றவர்கள் அழைத்ததை அவர் ‘கோப்ரெதேரிதோ’ என்றார்: இன்னொரு கடந்த செயலோடு உடன் நிகழ்ந்த காலம். மெக்சிகோப் பள்ளிகளில் இந்தப் பெயர் இன்றும் வழங்குகிறது. ‘நான் போய்ச் சேர்ந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது’: சேர்ந்தது முதல் வகை, பெய்துகொண்டிருந்தது இரண்டாம் வகை. பெயரிலேயே பாதி விளக்கம் வந்துவிடுகிறது.

மீதிப் பாதிக்குத் தமிழ் கை கொடுக்கும், ஆனால் எதிர்பாராத திசையிலிருந்து. ‘சின்ன வயதில் தினமும் ஆற்றுக்குப் போவோம்.’ போவோம் என்பது வடிவத்தில் எதிர்காலம்; பொருளில் என்றோ போய்விட்ட பழக்கம். இந்தப் ‘போவோம்’ வருகிற இடத்தில் ஸ்பானிஷ் ‘ஈபாமோஸ்’ என்று உடன்நிகழ் இறந்தகாலத்தைப் போடுகிறது. அதுபோலவே, ‘சபீயா’ என்றால் முன்பே தெரிந்திருந்தது. ‘சுபே’ என்றால் தெரியவந்தது. ஒரே வினை இரு காலத்தில் இரு பொருள் தருவது ஏன் என்று ஆங்கில நூல்கள் தனிப்பட்டியல் போடுகின்றன. நமக்கு ‘வந்தது’ என்ற துணைவினை அந்தப் பட்டியலை மிச்சப்படுத்துகிறது.

எல்லோரும் பயப்படுகிற ‘சுப்ஹுந்தீவோ’ பற்றிச் சொல்லாமல் முடியாது. நடந்ததாகவோ நடப்பதாகவோ உறுதி சொல்லாமல், விருப்பமாக, ஐயமாக, இனி வரவேண்டியதாகச் சொல்லும் வினைவடிவம் அது. தமிழில் இதற்கென்று ஒரே வடிவம் இல்லை. பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. ‘விவா மெஹிகோ’ என்று முழங்குகிறார்களே, அந்த ‘விவா’ சுப்ஹுந்தீவோதான். ‘மெக்சிகோ வாழ்க’: நம் வியங்கோள் வினைமுற்று. ‘கே என்த்ரே’ என்றால் ‘உள்ளே வரட்டும்’. ‘ஆவுங்கே யுவேபா’ என்றால் ‘மழை பெய்தாலும்’. மழை இப்போது கொட்டிக்கொண்டிருப்பதை ஒப்புக்கொண்டு பேசினால் மட்டும் சாதாரண வினைவடிவம். ‘அவர் வந்ததும் சொல்கிறேன்’ என்பதில் வருவது இனிமேல்தான். ஆனாலும் நாம் ‘வருவார்’ என்று எதிர்கால முற்றைப் போடுவதில்லை. ஸ்பானிஷும் அங்கே எதிர்காலத்தைத் தொடாமல் சுப்ஹுந்தீவோவுக்குப் போகிறது. பிரெஞ்சு பேசத் தெரிந்த ஆள் யாராவது வேண்டும் என்று தேடினால், பேசுவதற்கும் அதே வடிவம். குறிப்பிட்ட ஆளைத் தேடினால் சாதாரண வடிவம். முன்னே பார்த்த ‘ஆ’வும் இந்த வடிவமும் ஒரே எண்ணத்தின் இரு முனைகள் என்பது இங்கே தெரிகிறது. எங்கே போடுவது என்பதை நம் காது விரைவில் பிடித்துக்கொள்ளும். நம் எச்சங்கள் ஆளுக்கேற்ப மாறாதவை; ஸ்பானிஷ் வடிவமோ ஆளுக்கேற்ப விகுதி மாறக் கேட்கிறது. அதை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

‘போர்’, ‘பாரா’ என்ற இரட்டையரைப் பற்றி நான் அதிகம் சொல்ல மாட்டேன். ‘ஆல்’, ‘வழியாக’ என்று வருவன போர். ‘கு’, ‘க்கென்று’ என்று வருவன பாரா. ‘உனக்காக’ மட்டும் இரண்டு பக்கமும் சாயும்: உன் பொருட்டுச் செய்தேன் என்றால் போர், உனக்கென்று செய்து வைத்தேன் என்றால் பாரா.

இனி, நாம் கேட்க வேண்டிய கேள்விகள். மேசை ஏன் பெண்பால், புத்தகம் ஏன் ஆண்பால்? நம் பால் பகுப்பு பொருளை ஒட்டியது; அங்கே சொல்லை ஒட்டியது. கை ‘லா மானோ’, ஓகாரத்தில் முடிந்தும் பெண்பால், ஏனென்றால் லத்தீனிலேயே அது பெண்பால். ‘எல் ப்ரொப்லேமா’ ஆகாரத்தில் முடிந்தும் ஆண்பால், ஏனென்றால் அது கிரேக்கத்தின் அலிப்பாலிலிருந்து வந்தது. தண்ணீர் பெண்பால், ஆனால் முன்னால் ‘எல்’ நிற்கும். அழுத்தமான அகரத்துக்கு முன் பழைய பெண்பால் சுட்டு தேய்ந்து நின்ற உருவம் அது. ‘லா பெர்சோனா’ என்பது மீசை வைத்தவரையும் பெண்பாலில் குறிக்கும். ‘குழந்தை அழுகிறது’ என்று பெற்ற பிள்ளையை அஃறிணையில் சொல்லும் நாம் இதற்குச் சிரிக்க முடியாது.

ஆங்கில நூல்கள் எழுப்பாத கேள்வி இன்னொன்று. ‘ஆப்லா’ என்றால் பேசுகிறானா, பேசுகிறாளா? தமிழ் வினையிலேயே ஆண், பெண் தெரிந்துவிடும்; ஸ்பானிஷ் வினையில் தெரியாது, எழுவாயும் பெரும்பாலும் விடப்படும். ‘உஸ்தெத்’ என்று மரியாதையாக அழைக்கப்படுகிறவருக்கும் அதே ‘ஆப்லா’தான். நாம் வினையில் காட்டுகிற பாலை ஸ்பானிஷ் பெயரடையில் காட்டுகிறது. நம் பெயரடையோ எதற்கும் அசையாது. ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற வேறுபாட்டுக்கு அங்கே இடமே இல்லை. விருந்துக்கு என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார்களா என்பது தமிழர் மட்டும் படும் தவிப்பு.

ஸ்பானிஷ் கற்பிக்கும் தமிழ் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பலகையில் உதாரண வாக்கியம் எழுதும்போது அதன் கீழே தமிழை எழுதுங்கள், முடிந்தால் பேச்சுத் தமிழை. ஐபீரிய மொழி ஒன்றும் தமிழும் நேருக்கு நேர் சந்தித்த காலம் முன்பே இருந்திருக்கிறது. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய போர்த்துகீசியப் பாதிரியார் அன்றீக்கே அன்றீக்கஸ், ஜுவாவு தெ பாரோஸ் 1540இல் வெளியிட்ட போர்த்துகீசிய இலக்கணத்தை மாதிரியாக வைத்து, 1549 வாக்கில் தமிழ் இலக்கணம் ஒன்றைப் போர்த்துகீசியத்தில் எழுதினார். இடையில் ஆங்கிலம் இல்லை. அதன் கையெழுத்துப்படி லிஸ்பனில் இருக்கிறது. ழான் ஹைனும் வி. எஸ். ராஜமும் செய்த மொழிபெயர்ப்பு 2013இல் வெளிவந்தது, ஆங்கிலத்தில்.